கடைசி ஆள் பாடும் வரை

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது, புத்தகக் கட்டு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் இல்லை, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு இல்லை. பெற்றோர்கள் ஆபீஸ் ஜன்னலில் வந்து என்னைத்தான் பிடிக்கிறார்கள், நானே அச்சடித்து ஒளித்து வைத்திருப்பதுபோல. ஹெட்மிஸ்ட்ரஸ் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். இந்த ஜோதிமணி ஆபீஸில் இல்லையென்றால் இந்தப் பள்ளிக்கூடத்தை என்றைக்கோ ஊற்றி மூடியிருப்பார்கள்.

சாயங்காலம் மோனி ஒரு விஷயம் சொன்னாள். மௌனிகா என்று பேர் வைத்ததென்னவோ நாங்கள்தான், ஆனால் வாயை மூடுகிற பிள்ளையாக அது பிறக்கவில்லை. பகலில் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, ஆறு மணிக்கு மேல் ராப். ராப் என்றால் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. தாளத்துக்கு மூச்சுவிடாமல் சண்டை போடுவது. 22ஆம் தேதி ஞாயிறு மாலை, காந்திபுரத்தில் ஒரு டான்ஸ் கிளாஸ் மாடியில் ஹிப்ஹாப் நிகழ்ச்சியாம். இதுவரைக்கும் ஆளோடு ஆளாக நின்று நாலு வரி சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக மூன்று பாட்டு கொடுத்திருக்கிறார்கள்.

"நீ வாம்மா. நீ மட்டும் வா. ஒரு பாட்டு இருக்குது, நீ கேக்கோணும்" என்றாள்.

வருகிறேன் என்றேன். பிள்ளைக்கு ஆசை.

சூரத்தில் மழை பிடித்துவிட்டது என்று ஃபோனில் காட்டுகிறது. எதிர்வீட்டுச் சாந்தாமணி அக்கா காலையில் பால் வாங்கும்போது கேட்பார், "வீட்டுக்காரரு ஊருல மழையா அம்மணி?" என்று. பார்த்து வைத்துக்கொண்டால் பதில் சொல்ல வசதி. அவர் சூரத் ஜவுளிக் கம்பெனிக்கு மேனேஜராகப் போய் நாலு வருஷம் ஆகிறது. லீவு கிடைப்பதில்லை.

ஜூன் 13, வெள்ளி

மோனியின் நிகழ்ச்சி பற்றிக் குழாயடியில் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? நம் பிள்ளை மேடை ஏறுகிறது. சாந்தாமணி அக்கா நானும் வருகிறேன் என்றார். அவர் சொன்னால் எங்கள் காம்பவுண்டில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மேல்வீட்டுப் பிரேமா, கடைசி வீட்டு அத்தையும் மருமகளும் என்று பத்துப் பேர் ஆகிவிட்டோம். மயில்சாமி வேனைச் சொல்லியாகிவிட்டது.

"நீ மட்டும்" என்று மோனி சொன்னது நினைவிருக்கிறது. அது கூச்சத்தில் சொன்னது. மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்த முகம் நாலு வேண்டாமா?

ஜூன் 18, புதன்

கணக்குப் புத்தகம் வந்துவிட்டது. சமூக அறிவியல் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு மோனி பழகுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. டேங்க் காலியானதுதான் மிச்சம். இரண்டு வாளித் தண்ணீரில் குளித்தாளா, ஒரு பாட்டு முழுக்கக் குளிக்காமலேயே நின்றாளா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வர்றதானேம்மா?" என்று மட்டும் கேட்டாள். முகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வெளிறி இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நாலு மணிக்கு முன்பே போய்விட்டோம். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சாந்தாமணி அக்கா கையில் ஒரு பை முறுக்கு. படியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து வழிவிட்டார்கள். தொளதொள பேண்ட், தலையில் தொப்பி, ஆனால் "வாங்க ஆன்ட்டி, பாத்து ஏறுங்க" என்று அவ்வளவு மரியாதை. ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அறுபது நாற்காலி இருக்கலாம். முன்வரிசையைப் பிடித்துக்கொண்டோம்.

ஷீபா என்று ஒரு பெண்தான் நடத்துகிறாள். உயரமாக, கிராப் வெட்டி, குரல் கணீரென்று. பாட்டு ஆரம்பிக்கும் முன் சில விஷயம் சொன்னாள். ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும். பாடும்போது பேச்சு வேண்டாம், ஆனால் பாடுகிறவர் கேட்டால் பதில் கட்டாயம், அதுவும் அடிவயிற்றிலிருந்து. வரி மறந்து நின்றால் சிரிக்கக் கூடாது, சத்தம் கொடுத்துத் தாங்க வேண்டும். "முக்கியமா ஒண்ணு. உங்க ஆளுக்கு இருக்கற கூட்டம் கடைசி ஆளுக்கும் இருக்கோணும். உங்க ஆளு பாடிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிராதீங்க."

நான் பலமாகக் கைதட்டினேன். ஆண்டு விழாவில் வருஷா வருஷம் மைக்கில் நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வதும் அதுதானே. தன் பிள்ளை பட்டாம்பூச்சி டான்ஸ் ஆடி முடித்ததும் இறக்கையோடு பைக்கில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பரிசளிப்புக்கு நாற்காலிகள்தான் இருக்கும்.

ஆளாளுக்கு வந்து பாடினார்கள். பாதி புரியவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பையன் நடுவில் வரி மறந்து நின்றபோது ஹாலே "ஹோ" என்று கத்தி, தட்டி, அவனைத் தூக்கி நிறுத்தியது. நம் பள்ளியில் என்றால் சிரித்தே அழவைத்திருப்பார்கள்.

கடைசிக்கு முந்தின ஆள் மோனி. மேடைக்கு வந்து முன்வரிசையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. சந்தோஷம் என்று நினைத்துக் கையசைத்தேன். முதல் பாட்டு கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றி. இரண்டாவது டவுன் பஸ்ஸில் இடிக்கிறவனைப் பற்றி. பிரேமா விசிலே அடித்துவிட்டாள். என் பிள்ளையா இது என்று இருந்தது. நெஞ்சு நிறைந்துபோனது, பொய் சொல்லவில்லை.

மூன்றாவதற்கு முன் கொஞ்சம் நின்று, தாளம் போடுகிற பையனுக்கு என்னவோ கைகாட்டினாள். அதற்குள் தாளம் ஓட ஆரம்பித்துவிட்டது. "இதுக்கு நான் ரெண்டு கேள்வி கேப்பேன். எங்கப்பா எங்கன்னா, சூரத்துலன்னு சொல்லோணும். எப்ப வருவாருன்னா, தீவாளிக்குன்னு சொல்லோணும்."

கேட்டாள். நம் காம்பவுண்டுக்காரர்கள் போட்ட சத்தத்தில் கண்ணாடியே அதிர்ந்தது. சாந்தாமணி அக்கா வாயில் முறுக்கோடு "சூரத்துல!" என்றார். நானும் சொன்னேன்.

பிறகு அவள் பாட ஆரம்பித்தாள்.

சூரத்துக்குப் போன வண்டி திருப்பூர்ல நின்னுருச்சு
சொல்லிவெச்ச பொய்யி மட்டும் சுத்திச்சுத்தி வந்துருச்சு
அந்த வீட்டு வாசல்ல மூணு சக்கர சைக்கிளு
எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்கம்மா சொல்வா பதிலு

இன்னும் இருந்தது. ஃபோனில் மழை பார்ப்பதுகூட இருந்தது.

மயில்சாமிக்கு ஏழு மணிக்கு வேறு சவாரி. சாந்தாமணி அக்காவுக்கு முழங்கால் வேறு. நிறைய நேரம் உட்கார முடியாது. அதனால் பாட்டு முடிந்ததும் எழுந்தேன். நான் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அப்படியே பழக்கம். நாற்காலி எல்லாம் கிறீச்சிட்டது. எங்களைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்து இன்னும் சில பேர் எழுந்தார்கள். மேடையில் மைக்கைக் கையில் பிடித்தபடி ஒருவர் காத்துக்கொண்டு நின்றார், ஒல்லியாக, முப்பது வயதிருக்கும். நாங்கள் போய் முடிக்கட்டும் என்று நின்றார்.

வேனில் பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முறுக்கில் ஓமம் கொஞ்சம் தூக்கல் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

தலைவலி. லீவு.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளாக மோனி வாய் திறக்கவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள். நான்தான் கோபமாக இருக்க வேண்டியவள். ஊரைக் கூட்டி வைத்து மானத்தை வாங்கியவள் அவள். இன்று பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன், அத்தனை பேர் முன்னால் அதைப் பாடத்தான் வேண்டுமா என்று.

நீ மட்டும் வா என்றுதானே சொன்னேன் என்றாள். எங்களைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதை வேறு பாட்டுக்கு மாற்றச் சொல்லி, பீட், அதாவது தாளம், போடுகிறவனுக்குக் கைகாட்டினாளாம். அவன் கவனிக்கவில்லை, பீட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற பீட்டை நிறுத்தக் கூடாது என்பது இவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்.

அதற்கு மேல் அவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"என்ற பாட்டுப் புடிக்கலன்னு நீ எந்திரிச்சுப் போயிருந்தாக்கூட பரவால்லம்மா. சாதிக் அண்ணன் என்ன பண்ணுனாரு? மில்லுல நைட் ஷிஃப்ட்டு. தூங்காம வந்து கடைசில நிக்கறாரு. காலி நாற்காலிக்குப் பாடுனாரும்மா."

யாரைக் கூட்டிவந்தாலும், கூட்டிவந்தவர்தான் அவர்களுக்குப் பொறுப்பாம். அதனால் அடுத்த மாத நிகழ்ச்சியில் மோனிக்கு முதல் இடம். முதல் இடம் என்றால் கௌரவம் என்று நினைத்துவிட்டேன். இல்லை. நாலு மணிக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். வெறும் ஹாலுக்குப் பாட வேண்டும். ஷீபா சொல்லவில்லை, மோனியே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கொத்தவரங்காய் நறுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 28, சனி

பாலை இப்போது பையனிடம் வீட்டு வாசலிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டேன். குழாயடிக்கு ஐந்து மணிக்கே போய்விடுகிறேன். யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 2, புதன்

சமூக அறிவியல் வந்துவிட்டது. ஒரு அம்மா ஜன்னலில் வந்து, "சாருக்கு எந்த ஊருல வேலைங்க மேடம்?" என்று கேட்டாள். சேர்க்கைக்கு வந்தவள், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். நாலு வருஷமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பதில். ஸ்டாம்ப் பேடைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

சாந்தாமணி அக்கா விடவில்லை. மத்தியானம் ஒரு கிண்ணத்தில் அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் மிக்ஸி ரிப்பேரைப் பற்றிப் பேசினார். அப்புறம் சாதாரணமாக, "புள்ள பாட்டு நல்லாருந்துச்சு ஜோதி" என்றார்.

பிள்ளைகள் என்னவோ கற்பனையாக எழுதுகிறார்கள் அக்கா, என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "எங்க மாப்பளை திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறாருல்ல. மூணு வருசமாத் தெரியும் கண்ணு. காம்பவுண்டுல எல்லாருத்துக்கும் தெரியும்."

அப்படியானால் தினமும் பால் வாங்கும்போது மழையா வெயிலா என்று கேட்டது? தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டது? பத்து வீடும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கியிருக்கிறார்கள். கேட்டேவிட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

"நீ சூரத்துன்னு சொன்னே, நாங்க கேட்டுக்கிட்டோம்" என்றார். "கேட்டா உன்ற மூஞ்சில ஒரு தெளிச்சி வரும். அதுக்குத்தான் கேக்கறது. அன்னிக்கு அந்தப் புள்ள கேட்டப்பவும் அதான் அத்தனை சத்தமாச் சொன்னோம். உனக்கு ஒரு தெம்பா இருக்கட்டும்னு. உள்ள இப்படி இருக்கும்னு யாரு கண்டா."

கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். சாதம் ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அழவும் அழுதேன். பிறகு சாப்பிட்டேன், நெய் நன்றாக விட்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

மோனி மறுபடி குளியலறையில் பழக ஆரம்பித்திருக்கிறாள். இப்போது தண்ணீரைத் திறப்பதில்லை, அதனால் எல்லாம் கேட்கிறது. சூப்பர்வைசர் பாட்டு, பஸ் பாட்டு, புதிதாக ஒன்று தெருநாய்களைப் பற்றி. அந்தப் பாட்டு மட்டும் வரவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

இன்றும் நாய்ப் பாட்டுதான். சுமார்.

ஜூலை 17, வியாழன்

சாப்பிடும்போது, அந்தப் பாட்டைப் பாடவில்லையா என்று கேட்டேன். "எந்தப் பாட்டு?" என்றாள். எந்தப் பாட்டு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னாள். உண்மையிலேயே போட மறந்திருந்தேன்.

எழுதின பாட்டை எனக்காக விழுங்கிக்கொண்டு திரிகிறாள் என்பது தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. அவள் அப்பா அவளுக்குச் செய்தது போதாதா? நானும் சேர்ந்து அவள் வாயைக் கட்ட வேண்டுமா? பதினெட்டு வயதில் அவளிடம், யாராவது கேட்டால் சூரத் என்று சொல் என்று சொல்லிக்கொடுத்தது நான். ஒரு தரம் சொன்னேன். நாலு வருஷம் சொன்னாள்.

ஜூலை 20, ஞாயிறு

தனியாகத்தான் போனேன். டவுன் பஸ். பூ வைக்கவில்லை, காட்டன் புடவை. மூன்றரைக்கே போய்விட்டேன். வாசலில் ஷீபா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் புருவம் மேலே போனது. பள்ளிக்கு லேட்டாக வருகிற பிள்ளை கேட் முன்னால் எப்படி நிற்குமோ, அப்படி நின்றேன். "கடைசி ஆளு பாடற வரைக்கும் இருப்பேனுங்க" என்றேன். அவள் சிரிக்காமல், "உள்ள வாங்க ஆன்ட்டி" என்றாள்.

சாதிக் கண்ணாடிச் சுவரோரம் தரையில் சாய்ந்து கண்மூடி இருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரை எழுப்பி மன்னிப்புக் கேட்பது அதைவிடத் தப்பு என்று பேசாமல் வந்து உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு ஹாலில் பீட் போடுகிற பையனையும் என்னையும் சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். மோனி மேடைக்கு வந்தாள். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கவில்லை. பார்த்தாள், பார்க்காதவள்போல் ஆரம்பித்தாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் எப்படிப் பாடினாள் தெரியுமா? ஹால் நிறைந்திருந்தபோது பாடியதில் ஒரு துளி குறையவில்லை. சூப்பர்வைசர், பஸ், இரண்டும் முடிந்தது. அடுத்தது நாய்ப் பாட்டு என்று அந்தப் பையனைப் பார்த்துத் தலையாட்டப் போனாள்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அந்த மாதிரி. பாடும்போது குறுக்கே பேசக் கூடாது, தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் கேட்டேன்.

"அந்த சூரத் பாட்டைப் பாடுங்க" என்றேன். மேடையில் இருக்கும்போது நீ, வா, போ என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

அவள் மைக்கைக் கீழே இறக்கினாள். அப்புறம் மறுபடி தூக்கி, "இன்னிக்கு அது இல்லீங்க" என்றாள்.

"இருக்கற பாட்டுத்தானுங்களே. பாடுங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷீபா வாசலிலிருந்து உள்ளே வந்து நின்றாள். மோனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு பையனிடம் விரலைக் காட்டினாள். அந்தத் தாளம் வந்தது. அன்றைக்கு என் நெஞ்சைப் பிசைந்த அதே தாளம். எழுந்து போய்விடலாம் என்று கால் சொன்னது, நிஜமாகவே சொன்னது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மேடையின் விளிம்புக்கு வந்து மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

"எங்கப்பா எங்க?"

இந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"திருப்பூர்ல."

ஹாலில் அது எனக்கே அந்நியமாகக் கேட்டது. நாலு வருஷத்தில் அந்த ஊர்ப் பெயரை என் வாயால் சொன்னதில்லை. அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறினதில்லை.

அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். கேட்டாள், ஆனால் பாட்டாகக் கேட்கவில்லை.

"எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு, கண்ணு."

பீட் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஆரம்பிக்க வேண்டிய இடம் வந்து, போய்விட்டது. வாயில் வரி இல்லை. இருந்த ஏழெட்டுப் பேரும் கத்தினார்கள், தட்டினார்கள். ஷீபா காலால் தரையை உதைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த சாதிக்கும்கூட எழுந்து வந்து தட்டினார். நானும் தட்டினேன், கை எரிகிற வரை. அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டாள். முழுக்கப் பாடினாள். திருப்பூர் வீடு, சைக்கிள், ஃபோனில் மழை பார்க்கிற அம்மா, எல்லாம். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். முடிவில் நாலு வரி இருக்கிறது, அன்றைக்கு என் காதில் ஏறவே இல்லை. அந்தப் பொய்யைக் கட்டிக் காத்துத் தன்னைத் தலைநிமிர வைத்துக் காலேஜுக்கு அனுப்பினவள் என்று என்னைத்தான் சொல்கிறாள்.

இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பாடினவர்களும் கடைசி வரை இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆள் வர ஆரம்பித்தது. ஒவ்வொருவராகப் பாடினார்கள், கேட்ட இடத்தில் பதில் சொன்னோம், தட்டினோம். ஆறரைக்கு ஹால் நிறைந்து நிற்க இடமில்லை. கடைசியாகச் சாதிக் மைக்கை எடுத்தார்.

மோனி அப்போதுதான் என் காதருகே குனிந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் பழைய வாயாகிவிட்டது. "பதில மாத்திட்டியேம்மா. இனி நான் அந்தப் பாட்டையே திருப்பி எழுதோணும்."

"எழுது. உனக்கென்ன வேற சோலி" என்றேன்.

"உனக்குப் பரவால்லயா? அப்பாவப் பத்தி இன்னும்..."

"பேசாத. அண்ணன் ஆரம்பிக்கறாரு" என்றேன்.

எழுந்து நின்று கேட்டோம். அவருக்கு ஆறு பாட்டு.